செவிலி வீட்டில் ஒரு பூனைக்குட்டி

பூனை என்றதும் நம்மவர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சகுனந்தான். வீட்டை விட்டுப் புறப்படும்போது அது குறுக்கே போய்விட்டால், உள்ளே திரும்பி ஒரு மிடறு தண்ணீர் அருந்தி, திண்ணையில் சற்று அமர்ந்துவிட்டுச் செல்வது நம் பாட்டனார் காலத்து வழக்கம். பம்பாயின் செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குத் திண்ணையும் இல்லை. அமர நேரமும் இல்லை. காலையில் வரும் மின்சார ரயில் யாருடைய சகுனத்துக்காகவும் காத்து நிற்பதில்லை. தவிர, எங்கள் வீட்டில் பூனை குறுக்கே போவதும் இல்லை. அது வீட்டிலேயே இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு.

ஆண்டுதோறும் மழைக்காலத்தில், நம் அன்பர்கள் இல்லங்கள் பலவற்றில் ஒரு காட்சி நடப்பதுண்டு. பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தை, நனைந்து நடுங்கும் பூனைக்குட்டி ஒன்றைக் கையில் ஏந்தியபடி வாசலில் வந்து நிற்கும். "அம்மா, இது செத்துப் போய்விடும் அம்மா" என்று கெஞ்சும். எந்தத் தாய் உள்ளம் கதவைச் சாத்தும்? குட்டி உள்ளே வரும். கிண்ணத்தில் பால் வரும். அந்த இரக்கத்தை நான் குறை கூற வரவில்லை. ஆனால், ஏற்கெனவே பூனைகள் இருக்கும் வீட்டில் இரக்கம் மட்டும் போதாது என்பதை நான் பெரும் விலை கொடுத்துக் கற்றேன். அந்த விலையை வேறு எவரும் கொடுக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தெருவில் கிடைத்த குட்டியைச் சில வாரங்கள் வீட்டில் வைத்துப் பேணி, தேறியபின் தக்க இடத்தில் ஒப்படைக்கும் பணிக்குப் பொருத்தமான சொல் நம் பழந்தமிழிலேயே உண்டு. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. அகப்பாடல்களின் செவிலி, பெண்ணைத் தன் உயிர்போல் வளர்ப்பாள். ஒருநாள் அவள் தன் வழியே சென்றுவிடுவாள் என்பதும் அவளுக்குத் தெரியும். பூனைக்குட்டிக்குச் செவிலியாக முன்வருவோர் முதலில் இந்த இரண்டாவது உண்மையை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

2019-இல் செய்த பிழை

2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம். அப்போது எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். மீனா என்பவள் ஆறு வயதுப் பெரிய மனுஷி. எங்களிடம் வருமுன்பே அவளுக்குத் தடுப்பூசிகள் போடப்பட்டிருந்தன. மற்றொருவன் சாமி, இரண்டு வயது, சோம்பேறி, சாதுவிலும் சாது. அவனுக்கு ஊசி எதுவும் போடவில்லை. "வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கு ஊசி எதற்கு?" என்று சொன்னவன் நான்தான்.

ஒரு மாலை மாடிப்படியின் கீழ் ஒரு குட்டி கத்திக்கொண்டிருந்தது. எடுத்து வந்தேன். கூடத்தின் நடுவே, இரண்டு பூனைகளுக்கும் முன்னால் அதை இறக்கிவிட்டேன். "சிறிது நேரம் சீறும், பிறகு தானே பழகிக்கொள்ளும்" என்று என் மனைவிக்குப் பாடம் வேறு சொன்னேன். மீனா சீறிவிட்டுப் பீரோவின் மேல் ஏறிக்கொண்டாள். சாமி மட்டும் அருகில் சென்று முகர்ந்தான்; சற்று நேரத்தில் குட்டியின் தலையை நக்கத் தொடங்கினான். நாங்கள் உள்ளம் பூரித்தோம். குட்டி குடித்து மிச்சம் வைத்த பாலை அவனே நக்கித் தீர்த்தான்.

நான்காம் நாள் குட்டி இறந்தது. மழையில் நனைந்ததால் வந்த சோர்வு என்று எண்ணினோம். எட்டாம் நாள் சாமி உணவைத் தொடவில்லை. நுரைநுரையாக வாந்தி எடுத்தான். தண்ணீர்க் கிண்ணத்தின் முன் தலையைத் தொங்கப்போட்டபடி அமர்ந்திருந்தான், ஆனால் குடிக்கவில்லை. மருத்துவரிடம் கொண்டுபோனோம். மூன்று நாள் நரம்பு வழியே மருந்தும் உப்புநீரும் ஏற்றினார்கள். பதினோராம் நாள் விடியற்காலையில் அவன் அடங்கினான்.

அந்நோயின் பெயர் பான்லூக்கோபீனியா. பூனைகளைத் தாக்கும் பார்வோ இன வைரஸால் வருவது. இரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைத்து, குடலின் உட்சுவரை அரித்துவிடும். மனிதருக்கு இது தொற்றாது. ஆயின், நம் கையிலும் செருப்பிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு பூனைக்குப் பூனை பரவும். இந்த வைரஸ் வீட்டுத் தரையிலும் பாயிலும் ஓராண்டு வரையிலும் உயிர்ப்புடன் இருக்க வல்லது. தொற்று ஏறிய பூனைக்குப் பெரும்பாலும் இரண்டு முதல் பத்து நாட்களுக்குள் நோய் வெளிப்படும். தடுப்பூசி போட்டிருந்த மீனாவுக்கு ஒன்றும் நேரவில்லை. ஓர் ஊசியே இரண்டு பூனைகளின் விதியைப் பிரித்து வைத்தது.

நான் அந்தக் குட்டியைக் கொண்டு வந்தது பிழையன்று. அதைக் கூடத்தில் இறக்கிவிட்டதுதான் பிழை. ஓர் உயிரைக் காக்க எண்ணி, காக்க வேண்டிய இன்னோர் உயிரை மறந்தேன்.

மீண்டும் ஒரு மழைக்காலம்

பாயையும் மெத்தையையும் எறிந்தோம். தரையைப் பலமுறை வெளுப்பான் கலந்த நீரால் துடைத்தோம். ஓராண்டுக்கு மேல் கழித்து, தடுப்பூசி முடிந்த கரியன் என்னும் ஆண்குட்டி எங்கள் வீட்டிற்கு வந்து மீனாவுக்குத் துணையானான். "இனித் தெருவிலிருந்து ஒன்றும் வேண்டாம்" என்பது என் மனைவியின் கட்டளை. ஐந்தாண்டுக்காலம் அக்கட்டளை மீறப்படவில்லை.

2024-ஆம் ஆண்டு ஜூலையில், அம்பாசமுத்திரத்திலிருந்து என் அன்னையார் வந்திருந்தார். இரவெல்லாம் மழை. காலையில் வண்டிகள் நிறுத்துமிடத்தில் ஓர் இருசக்கர வண்டியின் அடியில் மெல்லிய கத்தல் கேட்டது. என் மகள் என்னைப் பார்த்தாள். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "என்னங்க, இந்த முறை ஒழுங்காகச் செய்வதானால் செய்யுங்கள்" என்றாள்.

ஒழுங்காகச் செய்வது என்றால் என்ன? முதலாவது, உடனே எடுத்துவிடாதிருப்பது. தாய்ப்பூனை இரை தேடிப் போயிருக்கக்கூடும். அல்லது குட்டிகளை ஒவ்வொன்றாக வேறிடம் மாற்றிக்கொண்டிருக்கக்கூடும். தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போவதை நம் வைணவப் பெரியோர் மார்ஜார நியாயம் என்று சரணாகதிக்கு உவமையாக எடுத்தாண்டனர் அல்லவா? அந்தத் தாய் திரும்பி வரும்போது குட்டி அங்கே இல்லாமற் போனால், இரக்கத்தின் பெயரால் நாமே அதனை அநாதையாக்கியவர்களாவோம். ஆகவே, குட்டி உலர்ந்தும் வெதுவெதுப்பாகவும் இருந்து, வண்டி, நாய் முதலிய ஆபத்தும் அருகில் இல்லையென்றால், சில மணி நேரம் தொலைவில் நின்று கவனிக்க வேண்டும். குட்டியைக் காப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடு ஒன்றும் இல்லை.

எங்கள் குட்டியின் நிலை அவ்வாறில்லை. முழுக்க நனைந்து, தொட்டால் கல்போல் குளிர்ந்திருந்தது. காத்திருக்க இயலாது. துண்டில் சுற்றி எடுத்தோம்.

என் அன்னையார் உடனே பாலைக் காய்ச்சப் போனார். பூனைக்கும் பாலுக்கும் உள்ள உறவு நம் நெஞ்சில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. கம்பரே தம் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிவிடப் புகுந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டுக்கொண்டார். "அம்மா, பசும்பால் இதற்கு ஆகாது" என்றேன். "ஏனப்பா, ஊரில் எத்தனை பூனைகள் நம் வீட்டுப் பாலைக் குடித்து வளர்ந்தன!" என்றார். அவை தாய்ப்பால் குடித்து வளர்ந்தபின் திருடிக் குடித்தவை. தாயற்ற குட்டியின் கதை வேறு. பூனையின் பாலில் பசும்பாலைப் போல் ஏறக்குறைய இருமடங்கு புரதம் உண்டு. பசும்பாலின் சர்க்கரை குட்டிக்குச் செரிப்பதில்லை. வயிறு கழிந்து, அதனாலேயே பல குட்டிகள் மடிகின்றன. பூனைக்குட்டிகளுக்கென்றே செய்யப்பட்ட பால்மா இன்று பெருநகர்களில் கிடைக்கிறது. அதைத்தான் வாங்க வேண்டும்.

பால் கொடுப்பதற்கும் முன்னால் ஒன்று உண்டு. குளிர்ந்த குட்டிக்கு உணவு கொடுக்கக் கூடாது. அதன் குடல் அப்போது இயங்காது. ஊட்டிய பால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். முதலில் வெப்பம், பிறகே உணவு. வெந்நீர் நிரப்பிய குப்பியைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைத்தோம். சூடு மிகுந்தால் குட்டி விலகிப் படுக்க மறுபக்கம் இடம் விட்டோம். ஒரு மணி நேரத்துக்குப் பின் அது தலை தூக்கிக் கத்தியபோதுதான் பால் கரைத்தோம். குழந்தையைப் போல் மல்லாத்தி ஊட்டாமல், தாயிடம் குடிப்பதைப் போலக் குப்புறக் கிடத்தித் தலையைச் சற்றே நிமிர்த்தி ஊட்டினாள் என் மகள்.

சமையலறைத் தராசில் நிறுத்தோம். 290 கிராம். பற்கள் அப்போதுதான் முளைத்திருந்தன, நீல விழிகள் திறந்திருந்தன, காதுகள் நிமிர்ந்திருந்தன. ஆகவே வயது மூன்று வாரத்துக்கு மேல், நான்குக்குள் என்றார் மருத்துவர். பிறக்கையில் ஏறக்குறைய 100 கிராம் இருக்கும் குட்டி, வாரத்துக்கு 100 கிராம் அளவில் கூடிக்கொண்டு வர வேண்டும் என்பது பொதுக் கணக்கு. இதுவோ இளைத்த குட்டி. நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வைக்கச் சொன்னார். எடை ஒரு நாள் கூடாவிட்டால் கவலை. குறைந்தால் அன்றே மருத்துவமனை. மூன்று வாரத்துக்கும் குறைந்த குட்டியானால் இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு முறை ஊட்டிய பின்னும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அதன் பின்புறத்தை மெல்லத் துடைத்துவிட வேண்டும். தாய் நாவால் செய்யும் இதை நாம் செய்யாவிட்டால் அதற்குச் சிறுநீரும் மலமும் இறங்கா.

உண்ணிப் பூச்சிகள் அதன் உடலெங்கும் ஊர்ந்தன. இவ்வளவு சிறிய குட்டிக்கு அவை உறிஞ்சும் இரத்தமே சாவுக்குக் காரணமாகிவிடும். ஆயினும், நாய்க்கு வாங்கிய பூச்சி மருந்தைப் பூனைக்குத் தடவிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றிலுள்ள பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையும் அவ்வாறே. அதில் ஒரு துண்டுகூடப் பூனையைக் கொல்லும். மருத்துவர் சொற்படி வெதுவெதுப்பான நீரில் கழுவி, நெருங்கிய பல் சீப்பால் வாரி, உடனே துவட்டி உலர்த்தினோம்.

சாத்திய கதவு

என் மகள் தேர்வுக்குப் படிக்கும் சிற்றறை குட்டியின் இல்லமாயிற்று. அவள் தன் புத்தகங்களைச் சமையலறை மேசைக்கு மாற்றிக்கொண்டாள். அந்த அறையின் கதவு நான்கு வாரம் சாத்தியே இருந்தது. குறைந்தது இரண்டு வாரம் தனிமை என்பது நோய்க்கணக்கு. குட்டிக்கு முதல் தடுப்பூசி விழும் வரையில் நீட்டுவது இன்னும் நல்லது என்றார் மருத்துவர்.

கதவைச் சாத்தினால் மட்டும் போதாது. கதவைத் தாண்டும் நாமும் கவனமாக இருக்க வேண்டும். அறைக்கென்று தனிச் செருப்பு, ஆணியில் மாட்டிய பழைய சட்டை ஒன்று, தனிக் கிண்ணம், தனி மண்தட்டு. வெளியே வந்ததும் சோப்பால் கை கழுவுதல். கையில் தேய்க்கும் சாராயக் குழம்பு அந்த வைரஸை அழிப்பதில்லை என்பதை 2019-க்குப் பின் அறிந்தோம். தரையை முதலில் சோப்பு நீரால் கழுவி, பிறகு வெளுப்பான் நீர்மம் 1 பங்குக்கு நீர் 32 பங்கு கலந்து தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தோம். காய்ந்த பிறகே குட்டியை இறக்கினோம். நம் வீடுகளில் வழக்கமாகப் பயன்படுத்தும் பினாயில் வேண்டாம். அவ்வகைப் பொருள்கள் பூனையின் உடலில் நஞ்சாகத் தங்கிவிடும். முதலில் வீட்டுப் பூனைகளைத் தொட்டுக் கவனித்துவிட்டு, இறுதியில் குட்டியிடம் செல்வதே முறை. அதே வாரத்தில் மீனாவுக்கும் கரியனுக்கும் தடுப்பூசிக் கணக்கு சரிபார்க்கப்பட்டது.

குழந்தைகள் உள்ள வீட்டாருக்கு ஒரு வார்த்தை. தெருவிலிருந்து வந்த பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, அது எவ்வளவு சிறியதாயினும், காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் சென்று வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். கருவுற்ற பெண்கள் பூனையின் மண்தட்டைச் சுத்தம் செய்யும் வேலையைப் பிறரிடம் விட்டுவிடுவது நலம்.

இந்த நான்கு வாரத்தில் குட்டிக்குத் தனிமை துன்பமாக இராதா என்று கேட்கலாம். நாளுக்குப் பலமுறை நாங்கள் மாறி மாறி அதனுடன் அமர்ந்தோம். பூனைக்குட்டி மனிதரைத் தன் உறவாக ஏற்றுக்கொள்வது பெரும்பாலும் இரண்டாவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் இடைப்பட்ட காலத்தில்தான். அந்நாட்களில் கையில் எடுத்துப் பழக்கிய குட்டி வாழ்நாள் முழுதும் மனிதரை அஞ்சாது. "பூனை கண்ணில் படுவதே ஆகாது" என்று வந்த முதல் நாள் சொன்ன என் அன்னையார், மாலை வேளையில் அந்த அறையில் நாற்காலி போட்டு அமர்ந்து, பூத்தொடுக்கும் நூலின் நுனியை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்ததை நான் இரண்டு முறை பார்த்தேன். பார்த்ததாகச் சொல்லவில்லை.

குட்டி செம்மை, கருமை, வெண்மை என்னும் மூவண்ணத்தது. மூவண்ணப் பூனை ஏறத்தாழ எப்போதும் பெண்ணாகவே இருக்கும். அந்நிறங்களைத் தீர்மானிக்கும் மரபணு பால் நிர்ணயிக்கும் குரோமோசோமில் இருப்பதே காரணம். இவளும் பெண்தான். சிட்டு என்று பெயரிட்டாள் என் மகள்.

பழைய குடிகளின் உரிமை

கதவுக்கு வெளியே நடந்ததையும் சொல்ல வேண்டும். பூனை தன் உலகத்தை மூக்கால் அறிகிறது. தாழ்ப்பாள் போட்டாலும் வாசனைக்குத் தாழ் இல்லை. முதல் நாளே கரியன் என் கையை முகர்ந்து சீறினான். பதினொரு வயது மீனா அன்றிரவு உணவைத் தொடவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2019 கண்முன் நின்றது.

அது நோயன்று, மனக்கலக்கம். ஆயினும் அலட்சியம் கூடாது. வளர்ந்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் அதன் ஈரல் கெடத் தொடங்கும். ஆண் பூனை மண்தட்டில் திரும்பத் திரும்பச் சென்று அமர்ந்தும் சிறுநீர் வரவில்லையென்றால், அது மணிக்கணக்கில் உயிர் போக்கும் அடைப்பாக இருக்கலாம். பொழுது விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. மீனாவுக்கு அவளுடைய பழைய இடமான பீரோவின் மேலேயே கிண்ணத்தை வைத்தோம். மறுநாள் காலை உண்டாள். அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு விதி ஏற்பட்டது: முதல் உணவு, முதல் கொஞ்சல், முதல் மடி, எல்லாம் பழைய குடிகளுக்கே.

ஆகஸ்டு நடுவில் சிட்டுவுக்கு எட்டு வாரம்; எடை 810 கிராம். இரத்தம் சோதித்து, பூனை லுகேமியா இல்லை என்று தெளிந்து, முதல் ஊசி போட்டார்கள். அதன் பின்னரே அறிமுகம் தொடங்கிற்று. அதையும் படிப்படியாகவே செய்தோம்.

முதற்படி, வாசனைப் பரிமாற்றம். சிட்டு படுத்த துணியை வெளியேயும், மீனாவும் கரியனும் படுத்த துணியை உள்ளேயும் வைத்தோம். முதல் நாள் சீறல். மூன்றாம் நாள் முகர்ந்துவிட்டுப் போயினர். ஐந்தாம் நாள் கரியன் அத்துணியின்மேலேயே படுத்து உறங்கினான்.

இரண்டாம் படி, சாத்திய கதவின் இரு பக்கமும் உணவு. முதலில் கதவிலிருந்து தள்ளி வைத்து, நாளுக்குச் சிறிதாக நெருக்கினோம். "அந்த வாசனை வரும்போதெல்லாம் நல்ல உணவு வருகிறது" என்று பூனை கணக்குப் போட்டுக்கொள்ளும்.

மூன்றாம் படி, பார்வை. கதவைத் திறந்து, நிலையில் கம்பிவலை அடித்த ஒரு சட்டத்தைக் கட்டினோம். பார்க்கலாம், பாய முடியாது.

நான்காம் படி, சந்திப்பு. முதல் நாள் ஐந்தே நிமிடம். சிட்டுவை நன்றாக விளையாடிக் களைக்க வைத்து, அதன் பின்பே வெளியே விட்டோம். மீனாவும் கரியனும் ஏறி ஒதுங்க உயரமான இடங்கள் ஒழிந்திருந்தன. மண்தட்டு மூன்று பூனைக்கு நான்கு என்பதே விதி. எங்கள் வீட்டில் நான்காவது தட்டு குளியலறைக்குள் எப்படியோ இடம் பிடித்தது.

சீறல் கேட்டால் நம் கை தானாக ஓங்கும். அடக்கிக்கொள்ள வேண்டும். சீறல் பகையன்று, "இதற்கு மேல் வராதே" என்று பூனை மரியாதையாகச் சொல்லும் எச்சரிக்கை. எச்சரித்ததற்காகத் தண்டிக்கப்பட்ட பூனை, அடுத்த முறை எச்சரிக்காமலே அறையும். காதுகள் பின்னால் மடிந்து, உடல் தாழ்ந்து, விழி இமையாது நின்றால் மட்டும் இடையில் ஓர் அட்டையை நீட்டி மறைத்து, அவரவரை அவரவர் இடத்துக்கு அனுப்ப வேண்டும். கையை நடுவில் நீட்டலாகாது.

கரியன் பத்து நாளில் விளையாட்டுத் தோழனானான். மீனாவின் கதை வேறு. அவள் சிட்டுவை நேசிக்கவில்லை. ஒருமுறை வால் மேல் பாய்ந்தபோது ஓர் அறை விட்டாள். நகம் நீட்டாத அறை. சிட்டு அதற்குப்பின் அந்த வாலைத் தொடவில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் மூவரும் ஒரே அறையில், ஆளுக்கொரு மூலையில் உண்டார்கள். அவ்வளவே வேண்டியது. எல்லாரும் கட்டித் தழுவ வேண்டுமென்று நாம் எதிர்பார்ப்பது பேராசை. ஒரே கூரையின்கீழ் ஒருவரையொருவர் அஞ்சாமல் உண்டு உறங்குவதே பெரிய உறவு. பிழைப்புக்காகப் பிற மொழியினரிடையே வந்து குடியேறி, ஒரே மாடிப்படியைப் பகிர்ந்துகொண்டு வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒப்படைக்கும் நாள்

செப்டம்பர் நடுவில் இரண்டாம் ஊசியும் வெறிநோய் ஊசியும் முடிந்தன. சிட்டுவை இனி வைத்துக்கொள்வதா, கொடுப்பதா? வீட்டில் வழக்கு எழுந்தது. "இரண்டோடு மூன்று" என்றாள் மகள். எதிர்பாராத வகையில் என் அன்னையாரும் அவள் கட்சி சேர்ந்தார். எனக்கும் அவ்வாசை இல்லாமலில்லை. என் மனைவி மட்டும் ஒன்று கேட்டாள்: "இவளை வைத்துக்கொண்டால் அடுத்த மழைக்கு வரும் குட்டியை எந்த அறையில் வைப்பீர்கள்?" யாரும் பதில் சொல்லவில்லை. 2019-இல் சாமியைத் தன் மடியில் வைத்திருந்தவள் அவள். கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு.

பக்கத்துக் கட்டடத்தில் ஓய்வுபெற்ற மராத்தி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். நாங்கள் மாவ்ஷி என்று அழைப்போம். அவர் வளர்த்த பூனை முதுமையால் இறந்து ஓராண்டாயிற்று. அவர் வந்தார், தரையில் அமர்ந்தார், குட்டியைக் கூப்பிடவில்லை, அது வரும் வரையில் காத்திருந்தார். அதைக் கண்டபோதே என் மனம் பாதி ஒப்பியது. பிறகு அவர் வீட்டுக்குச் சென்று பார்த்தோம். பலகணிகளுக்கெல்லாம் வலை அடித்திருந்தது. மாடி வீடுகளில் இது மிக முக்கியம். பூனை வழுக்கி விழாது என்பது பொய். பறவையைப் பார்த்துப் பாய்ந்து விழுந்த பூனைகள் இந்நகரில் மிகப் பல. ஐந்து மாத வயதளவில் கருத்தடை செய்விப்பதாகவும் வாக்களித்தார். பூனையின் கருக்காலம் ஏறத்தாழ ஒன்பதே வாரம். கருத்தடை செய்யாத ஒரு பூனையால், அடுத்த மழையில் வண்டிகளுக்கு அடியில் எத்தனை குட்டிகள் கத்தும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மராத்தியில் பூனையை மாஞ்சர் என்பார்கள். வடமொழி மார்ஜாரத்தின் வழிவந்த சொல்; அன்னையார் சொல்லும் மார்ஜார நியாயத்தின் அதே மார்ஜாரம். இதை நான் சொன்னதும், மொழி அறியாத இரு முதியவரும் அச்சொல்லை ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொண்டனர். சிட்டுவுக்கு இப்போது மனி என்று பெயர். புதிய பெயருக்கும் அவள் திரும்பிப் பார்க்கிறாள்.

அவள் போன பின் இரண்டு நாள் கரியன் அந்தச் சிற்றறை வாசலில் போய் அமர்ந்தான். மூன்றாம் நாள் விட்டுவிட்டான். என் மகளுக்குச் சற்று அதிக நாள் பிடித்தது.

வாயில்லா உயிர்களிடத்து இரக்கம் என்பது நமக்குப் புதிதன்று. மதுரையில் 1904-இல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், 1952-இல் மாநிலங்களவை உறுப்பினராகி அங்கு விலங்கு வதைத் தடுப்புக்கான மசோதாவைக் கொண்டுவந்தார். அம்முயற்சியின் தொடர்ச்சியாகவே 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். இன்று நாட்டின் எந்த நகரிலும் பூனையையோ நாயையோ கொடுமைப்படுத்துவோரைச் சட்டத்தின்முன் நிறுத்த முடிகிறதென்றால், அதில் ஒரு தமிழ்நாட்டுப் பெண்மணியின் பங்கு உண்டு. 1976-இல் நம் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட குடிமக்களின் கடமைகளிலும் உயிர்களிடத்து இரக்கம் ஒன்றாக இடம்பெற்றுள்ளது.

சட்டம் கொடுமையைத் தடுக்கும். ஆனால் நல்லெண்ணம் செய்யும் தவறை அது தடுக்க இயலாது. அதை நம் அறிவுதான் தடுக்க வேண்டும். ஆகவே அன்பர்களே, உங்கள் குழந்தை நனைந்த குட்டியோடு வாசலில் நிற்கும்போது கதவைத் திறங்கள். அதே கையால் உள்ளே இன்னொரு கதவைச் சாத்தவும் மறவாதீர்கள். அப்படி ஓர் அறை ஒதுக்க இயலாவிட்டால், பூனை வளர்க்காத அண்டை வீட்டாரிடம் சில வாரம் வைக்கச் சொல்லுங்கள். பாலும் மருந்தும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள். அதுவும் செவிலித் தொண்டுதான்.

சிட்டுவின் பெட்டியும், வெந்நீர்க் குப்பியும், கம்பிவலைச் சட்டமும் கழுவி உலர்த்திப் பரணில் ஏற்றப்பட்டிருக்கின்றன. பெட்டியின்மேல் எடைக் குறிப்பேட்டையும் வைத்திருக்கிறாள் என் மனைவி. அதில் இன்னும் பல பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன.